செல்வாக்கு: இன்ஃப்ளூயன்ஸுக்கு நம் சொல்

‘சோஷியல் இன்ஃப்ளூயன்ஸ்’ என்பதைச் ‘சமூகத் தாக்கம்’ என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்புவதில்லை. தாக்கு என்றால் மோதல், அடி. பக்கத்தில் இருப்பவர் சொன்னதைக் கேட்டுச் சத்தமில்லாமல் நம் எண்ணம் மாறுகிறதே, அதில் அடி எங்கே இருக்கிறது? ‘செல்வாக்கு’ என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ‘உள்ளே பாய்வது’ என்று பொருள். விண்மீன்களிலிருந்து ஏதோ ஒன்று இறங்கி மனிதர்களுக்குள் பாய்ந்து அவர்கள் தலைவிதியை ஆட்டுகிறது என்று இடைக்கால ஐரோப்பியச் சோதிடர்கள் நம்பினார்கள். இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்குப் பெயர் வந்ததும் இத்தாலிய மொழி வழியாக இதே வேரிலிருந்துதான்.

நம் சொல்லோ வானத்தைப் பார்ப்பதில்லை, சந்தையைப் பார்க்கிறது. செல் + வாக்கு. வாக்கு வடமொழி வழி வந்தது, செல் நம்முடையது. இங்கே செல்லுதல் என்பது நடந்து போவதன்று, செல்லுபடியாவது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் ‘செல்லாது’ என்றார்களே, அந்தச் செல்லுதல். ‘அவர் பேச்சு ஊரில் செல்லும்’ என்றால் நாலு பேர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பொருள். காசு செல்வது வாங்குகிறவர் கையில் இருக்கிறது, வாக்கும் அப்படித்தான். சொல்பவருக்கு விஷயம் தெரியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு ‘வல்லுநர்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறோம்.

ஒருவர் செல்வாக்கு இன்னொருவரைத் தொடாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மாட்டுக் கதை. 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கண்காட்சியில் ஒரு காளையை நிறுத்தி, அறுத்துச் சுத்தம் செய்தபின் இறைச்சி எவ்வளவு தேறும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொன்னார்கள். 787 சீட்டுகளை ஆங்கிலேய அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன் வரிசைப்படுத்திப் பார்த்தார். நடுவில் நின்ற மதிப்பு 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. எழுதியவர்களில் கசாப்புக்காரர்களும் உண்டு, ஒன்றும் தெரியாதவர்களும் உண்டு. ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்த்து எழுதாததால் தவறுகள் இருபக்கமும் சிதறி ஒன்றையொன்று சரிசெய்துகொண்டன. நம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதை நினைத்துக்கொள்கிறேன். சுற்றி நிற்பவர்கள் முகத்தைத்தான் பார்க்கலாம். விலை வெளியே தெரியாது.

துண்டை விலக்கி, ஒருவர் நினைப்பது மற்றவருக்குத் தெரிந்துவிட்டால்? 2013-இல் ஆய்வாளர் மெஹ்தி முசாயித்தும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் பார்த்தது. கருத்துகளை இரண்டு விசைகள் இழுக்கின்றன: அடித்துச் சொல்லும் ஒருவர், ஒரே கருத்தோடு திரளும் பலர். முதலாவதை ஆய்வாளர்கள் ‘வல்லுநர் விளைவு’ என்றாலும், ஆளை இழுப்பது அவர் பேச்சில் தெரியும் உறுதி. அறிவு இல்லாமலும் அந்த உறுதி வந்துவிடும். நான் மொழிபெயர்த்தால் அதை ‘உறுதிச் செல்வாக்கு’ என்பேன், இரண்டாவதைத் ‘திரள் செல்வாக்கு’ என்பேன்.

இன்ஃப்ளூயன்சரைச் ‘செல்வாக்காளர்’ என்றே எழுதலாம். ‘மருத்துவச் செல்வாக்காளர்’ என்று எழுத நேரும்போது மட்டும், அவர் மருத்துவரா என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.