கூலி வேறு, லாபம் வேறு: வீட்டுத் தையல்காரர்களுக்கு ஒரு விலைக் கணக்கு

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், ஈஜிபுரா பக்கம் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கும் பெண்களிடம் லைனிங் பிளவுஸுக்கு என்ன விலை என்று கேட்டால் பதில் உடனே வரும். அந்த விலை எப்படி வந்தது என்று கேட்டால், "இந்தத் தெருவுல எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க" என்பார்கள். தெருவில் முதலில் அந்த விலையை வைத்தவர் சொந்த வீட்டுக்காரராக இருக்கலாம். கணவர் சம்பளத்தில் குடும்பம் நடப்பதால் கைச்செலவுக்கு மட்டும் தைப்பவராக இருக்கலாம். கணக்கே போடாதவராகவும் இருக்கலாம். அவருடைய விலையை எடுத்துக்கொண்டால் அவருடைய நஷ்டமும் கூடவே வந்து சேரும்.

விலை போடுமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்த மாதம் உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளும் சம்பளம் எவ்வளவு? "செலவு போக மிஞ்சுறதுதான்" என்று பதில் சொன்னால் அங்கேதான் கோளாறு. மிஞ்சுவது லாபம். சம்பளம் என்பது துணி, நூல் போல முன்கூட்டியே எழுதவேண்டிய செலவு. தையல் தொழிலுக்குக் கர்நாடக அரசு குறைந்தபட்சக் கூலி அறிவித்திருக்கிறது. அதன் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். வேறொருவரை வேலைக்கு வைத்தால் அதற்குக் குறைந்து கொடுக்க முடியாது. உங்களுக்கு மட்டும் ஏன் அதைவிடக் குறைவு?

ஒரு நிமிடத்தின் விலை

மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 நாள், நாளைக்கு 7 மணி நேரம். மொத்தம் 175 மணி நேரம். இதில் கத்தரியும் மிஷினும் ஓடும் நேரம் ஏறக்குறைய 65 சதவீதம்தான், அதாவது சுமார் 114 மணி நேரம். மீதி நேரம் வாட்ஸ்அப்பில் வரும் டிசைன் படங்களுக்குப் பதில் சொல்வதிலும், நூல் மேட்சிங்குக்கு அலைவதிலும், சிக்பேட்டை துணிச் சந்தைக்குப் போய் வருவதிலும், மிஷின் துடைத்து எண்ணெய் விடுவதிலும் போய்விடும். அந்த நேரத்துக்கு யாரும் தனியாகப் பணம் தரப்போவதில்லை. தைக்கும் நேரத்தின் விலைக்குள்தான் அதுவும் அடங்கவேண்டும்.

அடுத்தது நிலையான செலவு. தைக்கும் அறைக்கு வாடகைப் பங்கு 3,000, கரண்ட் 600, மிஷின் தேய்மானம் 700, ஊசி, எண்ணெய், சர்வீஸ் 400, பஸ், ஆட்டோ 700, போன் 300. ஆக 5,700. தையல் மிஷின், துணியோரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய் என்றால் ஆறு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 700 வரும். கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டத்தின் 15,000 ரூபாய் கருவி உதவியில் மிஷின் வாங்கியவர்களும் தேய்மானத்தை எழுதத்தான் வேண்டும். அந்த மிஷின் தேய்ந்தபின் அடுத்ததைச் சொந்தக் காசில்தான் வாங்கவேண்டும். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் பில் பூஜ்ஜியமாக வருகிறது என்று கரண்டை விட்டுவிடுபவர்கள் பலர். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் தொடர்ந்து ஒரு மணி நேரம் சூடேறினால் ஒரு யூனிட். தீபாவளி மாதத்தில் வீட்டுச் செலவோடு சேர்ந்து 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் நம் தலையில்தான்.

18,000 கூட்டல் 5,700, அதை 114 ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 210 ரூபாய். நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய். உங்கள் வாடகையும் சம்பளமும் வேறாக இருந்தால் உங்கள் எண்ணும் வேறாக வரும். அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி மிஷின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

ஒரு லைனிங் பிளவுஸ், நிமிடம் நிமிடமாக

அளவு எடுத்து எழுத 10 நிமிடம். லைனிங்கை ஊறவைத்து, காயவைத்து அயர்ன் பண்ண, கை படும் நேரம் மட்டும் 10. கட்டிங் 20. லைனிங்கை மேல்துணியோடு சேர்க்க 15. டார்ட் (உடல்வாகுக்கேற்ற மடிப்பு) பிடித்துப் பாகங்களை இணைக்க 25. கழுத்துக்குப் பைப்பிங் 20. கை ஏற்ற 15. ஹூக் பட்டி, ஹெம்மிங், ஹூக் கட்டுவது எல்லாம் கைவேலை, 25. பக்கத் தையல் 10. மொத்தம் 150 நிமிடம். நாலில் ஒரு பிளவுஸ் ஆல்டரேஷனுக்குத் திரும்பி வந்து நாற்பது நிமிடம் தின்னும். அதைப் பரப்பிப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் கூடும். ஆக 160.

160 நிமிடத்துக்கு 560 ரூபாய். லைனிங் ஒரு மீட்டர் 65. ஹூக், நூல், பைப்பிங் கயிறு, ஃபியூசிங் (விறைப்புக்காக ஒட்டும் துணி) 35. அடக்கம் 660. இதன்மேல் 15 சதவீதம் லாபம் வைத்தால் 760. வாடிக்கையாளரின் பட்டுத்துணியில் கத்தரி பிசகினால் ஈடுகட்டவும், ஆர்டர் இல்லாத மாதத்தைத் தள்ளவும் அந்த 100 ரூபாய்தான் இருக்கிறது.

தெருவில் 450 போகிறது, 760 யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. கூலியை வெட்டாமல் நிமிடத்தை வெட்டப் பாருங்கள். ஒரே கலர் நூல் ஓடும் ஐந்து பிளவுஸ்களை ஒன்றுசேர்த்து, ஐந்துக்கும் ஒரே நாளில் லைனிங் வெட்டி, ஹூக் வேலையை ஒரே மூச்சில் முடித்தால் 160 நிமிடம் 130 ஆக இறங்கும். விலை 640க்கு வரும். பைப்பிங் வேண்டாம் என்பவருக்கு இன்னும் குறையும். அதை ரேட் அட்டையிலேயே தனி வரியாகப் போடலாம். ஆனால் பொம்மனஹள்ளி, பீன்யா கார்மெண்ட்ஸில் வேலை பார்த்தவர்கள் அங்கே பார்த்த நேரக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. லைனில் ஒருவர் நாள் முழுக்கக் காலர் மட்டும் வைப்பார். வீட்டில் ஒரே ஆள் நூல் மாற்றி, பாபின் சுற்றி, மிஷின் பாதம் மாற்றி எல்லாம் செய்கிறார். அந்த வேகம் இங்கே வராது.

துணியில் கரையும் பணம்

லைனிங்கை ஊறவைக்கும் அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ஊறாத காட்டன் லைனிங் முதல் சலவையில் சுருங்கும், மேல்துணி சுருங்காது. அக்குளில் இழுக்கும், முதுகில் சுருக்கம் விழும். அதைப் பிரித்துத் தைக்க ஒரு மணி நேரம் ஆகும், அதாவது 210 ரூபாய். காட்டன் பொதுவாக மூன்று முதல் ஐந்து சதவீதம் சுருங்கும். இரண்டரை மீட்டரில் ஏழு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் போய்விடும். 44 இஞ்ச் பன்னாவில் (துணி அகலத்தில்) இரண்டரை மீட்டர் பிடிக்கும் குர்திக்கு 36 இஞ்ச் பன்னாவில் மூன்று மீட்டரும் தாண்டலாம். பெரிய கட்டம், ஒரே திசையில் ஓடும் பிரிண்ட் என்றால் கால் முதல் அரை மீட்டர் கூடுதலாக வாங்கவேண்டும். ஓவர்லாக் நூலையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். சாதாத் தையல் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை, மூன்று மீட்டர் நூல் எடுக்கும். மூன்று நூல் ஓவர்லாக் அதே தூரத்துக்குச் சுமார் பதினாலு மீட்டர் எடுக்கும்.

ஆரி வேலைக்குப் படத்தைப் பார்த்து விலை சொல்வதை நிறுத்துங்கள். ஒரு புட்டாவை (சின்னப் பூ வடிவத்தை) மட்டும் ஓரத்துணியில் போட்டுப் பாருங்கள். 12 நிமிடம் ஆகிறது, 40 புட்டா வேண்டும் என்றால் 8 மணி நேரம். 210 வீதம் 1,680 ரூபாய், மணி, ஜரி தனி, ஃபிரேமில் துணி கட்டி டிசைன் ஏற்றுவது தனி. கை தேர்ந்த ஆரிக்காரர் மணிக்கு இதைவிடக் கூடக் கேட்பது நியாயம்.

கடையில் வைத்து விற்றால்

ஒரு காட்டன் குர்தி: துணி 450, லைனிங் 140, நூல், பட்டன், லேபிள், கவர் 60. 650 ஆயிற்று. சுருக்கம், வெட்டுச் சேதாரத்துக்கு 5 சதவீதம் சேர்த்தால் 682. மூன்றரை மணி நேரக் கூலி 735. அடக்கம் 1,417, லாபத்தோடு 1,630. பூட்டிக்கில் 30 சதவீதம் கமிஷன் கேட்கிறார்கள். இங்கே பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்: 1,630இன்மேல் 30 சதவீதம் கூட்டி 2,119 என்று டேக் போடுகிறார்கள். கடைக்காரர் 30 சதவீதத்தை 2,119இலிருந்து எடுப்பார். உங்கள் கைக்கு வருவது 1,483. லாபம் 213 ரூபாயிலிருந்து 66க்கு இறங்கிவிட்டது. சரியான வழி, 1,630ஐ 0.70 ஆல் வகுப்பது: 2,330.

கமிஷன் 35 சதவீதம் என்றால் 2,508 வரும். இங்கே இன்னொரு கோடு குறுக்கிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஜிஎஸ்டி பதிவுள்ள கடை 2,508க்கு பில் போட்டால் வாடிக்கையாளர் 2,959 கொடுக்கிறார். 2,500க்குப் போட்டால் 2,625. எட்டு ரூபாயை விட்டுக்கொடுத்தால் அவருக்கு 334 ரூபாய் மிச்சம். டேக் எழுதும் முன் கடைக்காரரோடு இதைப் பேசிவிடுங்கள்.

உங்களுக்கே ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா? பொருள் மட்டும் விற்றால் ஆண்டு வரவு 40 லட்சம் வரை வேண்டாம். கூலிக்குத் தைப்பது சேவை என்பதால் அதற்கு எல்லை 20 லட்சம். வீட்டுத் தையலில் அவ்வளவு வராது. ஆனாலும் 2025 ஜூலையில் பெங்களூரில் யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. வாடிக்கையாளருக்காகத் துணி வாங்கிய பணமும், தம்பி அனுப்பிய கடனும் ஒரே வங்கிக் கணக்கில் விழுந்தால் பிரித்துக் காட்டுவது கஷ்டம். தொழிலுக்கு ஒரு தனிக் கணக்கு, ஒவ்வொரு துணிக்கும் ஒரு பில் புத்தகச் சீட்டு போதும்.

பேரம்

"அக்கா, கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல நானூறு ரூபாய்க்கே குர்தி தொங்குதே?" என்று கேட்பவரிடம் வாதாட வேண்டாம். நீங்கள் தைத்ததை உள்பக்கம் திருப்பிக் காட்டுங்கள். "பாருங்கம்மா, பக்கத்துல ஒரு இஞ்ச் விட்டிருக்கேன். உடம்பு போட்டாலும் பிரிச்சு விட்டுக்கலாம். லைனிங் ஊறவெச்சது, சுருங்காது." அதைப் பார்த்த பிறகும் நானூறுதான் வேண்டும் என்பவருக்கு ரெடிமேட்தான் சரி. அவரை மரியாதையோடு அனுப்பிவிடுங்கள். விலையைக் குறைத்தே ஆகவேண்டிய நிலை வந்தால் வேலையையும் குறைத்துச் சொல்லுங்கள்: லைனிங் இல்லாமல், பைப்பிங் இல்லாமல், இவ்வளவு. அதே வேலையை அடுத்த வீட்டு அக்காவுக்கு ஒரு விலை, புதிதாக வந்தவருக்கு ஒரு விலை என்று கொடுத்தால் இரண்டு பேரும் ஒரே கல்யாணத்தில் சந்திக்கும் நாளில் இருவரையும் இழப்பீர்கள்.

துணியும் நாமே வாங்குவதென்றால் துணிக்காசு முழுவதும், கூலியில் பாதியும் அட்வான்ஸ். வரமஹாலக்ஷ்மி, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் வரும் அவசர ஆர்டருக்குக் கால் பங்கு கூடுதல். இதை அளவு எடுக்கும்போதே சொல்லவேண்டும், டெலிவரி அன்று சொன்னால் சண்டைதான். முதல் ஆல்டரேஷன் இலவசம் என்பதற்கு ஒரு மாத வரம்பு வையுங்கள்.

ஏப்ரலில் ஒரு முறை எல்லாக் கணக்கையும் திரும்பப் போடுங்கள். வாடகை ஏறியிருக்கும், லைனிங் விலை ஏறியிருக்கும். புது ரேட் அட்டையில் தேதி எழுதி, பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். பழைய விலையில் அட்வான்ஸ் வாங்கிய துணிகளைப் பழைய விலைக்கே தைத்துக் கொடுங்கள்.