கிளிமீன்: எந்தக் கிளி?

கேரளத்து மீன் கடையில் கிளிமீன் கேட்டால் சங்கராவை நிறுத்துப் போடுவார்கள். நம் சங்கராவுக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். வண்ணமீன் விற்கும் கடையில் 'பேரட்' என்று ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக ஒன்று நீந்தும். அது நன்னீர் மீன்களைக் கலந்து மனிதர் உண்டாக்கிய கலப்பினம். இங்கே சொல்லப்போவது இரண்டையும் அல்ல. மன்னார் வளைகுடா உட்படப் பவளப்பாறை உள்ள கடல்களில் வாழும், ஆங்கிலத்தில் 'பேரட் ஃபிஷ்' எனப்படும், ஸ்காரிடே என்ற மீன் குடும்பத்தைப் பற்றி.

கிளி என்றதும் நமக்குப் பச்சை நிறம்தான் நினைவுக்கு வரும். இதில் பல ஆண் மீன்கள் நீலப்பச்சைதான். ஆனால் பெயர் வந்தது வாயால்; கிளிமூக்கு மாங்காய்க்குப் பெயர் வந்த மாதிரி. முன்பற்கள் நெருங்கி ஒட்டி, வளைந்த அலகாகவே ஆகிவிட்டன. பறவையின் மூக்கு, தாடை, ஆயுதத்தின் கூர்முனை மூன்றுக்கும் தமிழில் 'அலகு' ஒன்றுதான். இந்த மீனுக்கு மூன்று பொருளும் பொருந்தும்!

ஸ்காரிடே என்பது 'ஸ்காரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. இந்த மீன் மாடு போல அசைபோடும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். அசைபோடுவதில்லை, என்றாலும் அவரை முழுசாகத் தள்ளிவிட முடியாது. தொண்டைக்குள் இன்னொரு பல்வரிசை உண்டு. அலகால் சுரண்டிய பாசியும் பாறைத்துகளும் அங்கே அம்மியில் அரைபடுவது போல அரைபடும்.

நிறத்தை நம்பியவர்கள் நன்றாக ஏமாந்தார்கள். பல இனங்களில் பெண்ணாக இருக்கும் மீன் பிறகு ஆணாக மாறும், நிறமும் அடியோடு மாறும். ஒரே இனத்தின் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயர் வைத்ததில் பட்டியல் 350-ஐத் தாண்டியது. இன்று ஏறக்குறைய 100 இனங்கள்தான். சில இனங்கள் இரவில் வாயிலிருந்து சளி சுரந்து, கண்ணாடித் தாள் போன்ற கூட்டுக்குள் தூங்கும். ரத்தம் குடிக்கும் சிற்றுயிர்கள் அண்டாதிருக்க இது கொசுவலை.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'பேரட் ஃபிஷ்' வேண்டாம், கிளிமீன் போதும். சங்கராவோடு குழம்பும் இடத்தில் 'பவளப்பாறைக் கிளிமீன்' என்று எழுதலாம். 'மணல் மீன்' என்றிருந்தாலும் தப்பில்லை என்பேன்: மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றிப் புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன் அரைத்துக் கழித்தது என்கிறது 2015-இல் வந்த ஆய்வு.