கென்யாவில் எந்த வேலைக்கு எந்த அலுவலகம்?

கென்யாவில் ஒரு அரசு இல்லை, இரண்டு. 2010 அரசியலமைப்பின்படி தேசிய அரசு ஒரு பக்கம், 47 கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற பகுதிகள்) அரசுகள் இன்னொரு பக்கம். நாடாளுமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்ற பாடத்தை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. மக்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டு அரசுகளுக்கும் நடுவில்தான். "இது எங்கள் வேலை இல்லை" என்று இரண்டு அலுவலகமும் சொல்லிப் பந்தாடுவார்கள்.

கடை அனுமதி, சந்தை, குப்பை, உள்ளூர் மருத்துவமனை, மழலையர் பள்ளி எல்லாம் கவுண்டி. போலீஸ், அடையாள அட்டை, வேலை விசா, வருமான வரி, மற்ற பள்ளிகள் தேசிய அரசு. நைரோபி தெருவோரக் கடைகளை விரட்டும் 'கான்ஜோ' ஆட்கள் கவுண்டி ஊழியர்கள். போலீஸ் அட்டூழியம் என்று கவுண்டி அரசின் தலைவரான கவர்னரிடம் போய்ப் பயனில்லை, அவருக்குப் போலீஸ் மேல் அதிகாரம் கிடையாது.

அதிகம் பேர் ஏமாறுவது 'சீஃப்' விஷயத்தில். அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் கடிதம் தருகிற அந்த ஊர் அதிகாரி கவர்னருக்குக் கீழ் வருபவர் அல்ல, தேசிய அரசின் ஆள். அவருக்கு மேலே இருக்கும் கவுண்டி கமிஷனரும் அப்படித்தான், பெயரை நம்பாதீர்கள். சீஃப் பணம் கேட்டார் என்ற புகாரை கவுண்டி அலுவலகத்தில் கொடுத்தால் அது அங்கேயே தூங்கும்.

நிலம் கைமாற்றுவது இன்னும் கொடுமை. நிலவரி கவுண்டிக்கு, குத்தகை நிலம் என்றால் வாடகை தேசிய அரசுக்கு, பதிவும் தேசிய அரசிடம். இரண்டு பக்கமும் பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். ஒன்று கைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். வெளிநாட்டவருக்கு இன்னொரு எச்சரிக்கை: நிரந்தர உரிமை என்று சொல்லி விற்பார்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், சட்டப்படி அது 99 ஆண்டுக்கு மேற்படாத குத்தகைதான்.

எம்.பி.யைப் பிடித்தால் நடக்கும் என்று ஓடுகிறவர்களும் உண்டு. அங்கே அமைச்சர்கள் எம்.பி.க்களாக இருக்க முடியாது. எம்.பி. கேள்வி கேட்கலாம், அதிகாரிக்கு உத்தரவு போட முடியாது. கவுண்டி வேலை என்றால் எம்.சி.ஏ. எனப்படும் வார்டு உறுப்பினரிடம் போங்கள்.

சரி, முடியாது என்று சொல்லிவிட்டார்கள், என்ன செய்வது? வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். அரசின் முடிவால் பாதிக்கப்பட்ட எவருக்கும், குடிமகனோ இல்லையோ, எழுத்தில் காரணம் பெறும் உரிமை அரசியலமைப்பின் 47ஆம் பிரிவில் இருக்கிறது. காரணத்தை எழுதச் சொன்னதும் குரல் இறங்கும் அதிகாரிகள் உண்டு. தகவல் கேட்கும் சட்டம் 2016இல் வந்தது. அதில் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, 21 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் அது குடிமக்களுக்கும் அவர்கள் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கும் மட்டும். விசாவில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் 47ஆம் பிரிவைச் சொல்லிக் கேட்பது நல்லது. தகவல் மறுக்கப்பட்டால் நிர்வாக நீதி ஆணையத்திடம் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் கெடு.

நீதிமன்றத்திலும் தவறான வாசல் உண்டு. நில வழக்கும் வேலை வழக்கும் சாதாரண உயர் நீதிமன்றத்தில் எடுபடாது, இரண்டுக்கும் தனி நீதிமன்றங்கள். 10 லட்சம் ஷில்லிங் வரையிலான பணத் தகராறுக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சம்பள பாக்கியை அங்கே கொண்டுபோகாதீர்கள், வேலை வழக்குகளை அது எடுக்காது. வேலை ஒப்பந்த வழக்குக்கு 3 ஆண்டு கெடு. அடுத்த மாதம் பேசி முடித்துவிடலாம் என்று முதலாளி இழுத்தடிக்கும்போதும் அந்தக் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.