ரிங்டோன்: அழைப்பொலியா, அழைப்பிசையா?

2007 செப்டம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மேடையேறிய ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், இணையத்தில் பாட்டு விற்கும் தங்கள் ஐடியூன்ஸ் கடையில் இனி ரிங்டோனும் கிடைக்கும் என்று அறிவித்தார். ஏற்பாடு இதுதான்: முதலில் 99 சென்ட் கொடுத்துப் பாட்டை வாங்க வேண்டும். அதிலிருந்து 30 விநாடிக்கு மிகாத ஒரு துண்டை வெட்டி, ஐபோனில் அழைப்பு வரும்போது ஒலிக்கவைக்க இன்னொரு 99 சென்ட். ஆக 1 டாலர் 98 சென்ட். பாட்டு ஏற்கெனவே நம் கணினியில் இருக்கிறது, ஃபோனிலும் இருக்கிறது. காதில் மாட்டிக்கொண்டு ஆயிரம் தடவை கேட்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் மாமா கூப்பிடும்போது அதே பாட்டு ஒலிக்க வேண்டும் என்றால் மறுபடி காசு.

இன்னொரு வேடிக்கை. பாட்டுக் கோப்பின் பெயர் எம்4ஏ என்று முடியும், ரிங்டோன் கோப்பின் பெயர் எம்4ஆர் என்று முடியும். உள்ளே இருப்பது ஒரே வகை ஒலிப்பதிவுதான். விவரம் தெரிந்தவர்கள் கடைசி எழுத்தை மாற்றிக் காசில்லாமல் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். சில நாள்களிலேயே ஐடியூன்ஸ் மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்து அந்த வழியை அடைத்தது. அவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். எழுத்து ஒன்றுக்கு 99 சென்ட் என்ற விலை நம் கவிஞர்களுக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பொருள் அதே, பெயர் மட்டும் வேறு. பெயர் மாறினால் விலையும் மாறுகிறது. அதனால்தான் ‘ரிங்டோன்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத் தோன்றியது.

முதல் பாதி ‘ரிங்’. பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்ரிங்கன்’. நம் ‘கணகண’, ‘கிணிகிணி’ போல, மணியின் ஓசையிலிருந்தே பிறந்த சொல். மோதிரத்தைக் குறிக்கும் ‘ரிங்’ வேறு சொல். இரண்டும் உச்சரிப்பில் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான்.

இரண்டாம் பாதியில்தான் சுவை இருக்கிறது. ‘டோன்’ கிரேக்கத்தின் ‘டோனோஸ்’ என்பதிலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. டோனோஸ் என்றால் இழுத்துக் கட்டுதல், விறைப்பு. நரம்பை இழுத்துக் கட்டினால்தானே சுரம் பிறக்கும்? ‘டோன்’ என்றதும் நமக்குச் சட்டென்று ‘தொனி’ நினைவுக்கு வரும். பொருளும் ஒத்துப்போகிறது, ஓசையும் ஒத்துப்போகிறது. இரண்டும் ஒரே வேர் என்று சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உறவில்லை. தொனி, சமஸ்கிருத ‘த்வனி’யிலிருந்து வந்தது, அதற்கு ஆங்கிலத்தில் உறவு தேடினால் இரைச்சலைக் குறிக்கும் ‘டின்’ என்ற சொல்தான் கிடைக்கும். டோனின் உண்மையான பங்காளி வேறொருவர். ‘இழு, நீட்டு’ என்ற பொருளுள்ள சமஸ்கிருத ‘தன்’ என்னும் வேர். அதிலிருந்து வந்த ‘தந்த்ரீ’தான் நம் வீணைத் தந்தி. கம்பிவழிச் செய்தி வந்தபோது அந்தக் கம்பியின் பெயரையே செய்திக்கும் வைத்து, ‘தந்தி அடித்தான்’ என்றோம். ஆகத் தந்தியும் ரிங்டோனும் தூரத்துச் சொந்தம். ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது, இன்னொன்று சட்டைப்பையில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டும் சேர்ந்தபோது என்ன பொருள் வந்தது என்பதிலும் ஒரு திருப்பம் உண்டு. பிரிட்டனின் தொலைபேசித் துறையில் ‘ரிங்கிங் டோன்’ என்றால் அழைப்பவர் காதில் கேட்கும் ‘ட்ரிங்… ட்ரிங்’ ஒலி. “ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறான்” என்கிறோமே, அது. அழைக்கப்படுபவரின் கருவியில் அடித்தது வெறும் மணி. கிரகாம் பெல்லின் உதவியாளர் தாமஸ் வாட்சன் 1870-களின் இறுதியில் வடிவமைத்த மின்மணியின் வழிவந்தது அது. அதற்கு ‘டோன்’ என்று பெயர் தேவைப்படவில்லை. கைபேசி வந்து, மணி போய், சின்ன ஒலிபெருக்கி வந்த பிறகுதான் பெயர் இந்தப் பக்கம் இடம் மாறியது.

அப்புறம் அதை விற்க ஆரம்பித்தார்கள்.

1994-இல் வந்த நோக்கியா 2110-இல் ஒலித்த மெட்டு, ஸ்பானிய கிட்டார் கலைஞர் பிரான்சிஸ்கோ டாரெகா 1902-இல் அமைத்த ‘கிரான் வால்ஸ்’ என்ற இசைக்கோவையின் ஒரு துண்டு. டாரெகா 1909-லேயே காலமாகிவிட்டார். உலகம் முழுக்க ஒலித்த அந்த மெட்டுக்கு உரிமத்தொகை கேட்டு யாரும் வரப்போவதில்லை. ஆனால் எல்லோர் ஃபோனிலும் அதே மெட்டு என்றால் பேருந்தில் ஒரு ஃபோன் அடித்ததும் பத்துப் பேர் பையைத் துழாவ வேண்டியிருந்தது. எனக்கென்று ஒரு மெட்டு வேண்டும் என்ற ஆசை அங்கேதான் முளைத்தது. 1998-இல் பின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனம் குறுஞ்செய்தி வழியே மெட்டுகளை விற்கத் தொடங்கியது.

ஜப்பானியர்கள் இதற்கு வைத்த பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்: சாக்குமெரோ. ‘சாக்குஷின்’ என்றால் அழைப்பு வந்து சேர்தல். அதோடு ‘மெலடி’யைச் சேர்த்து, இரண்டையும் நறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். மெட்டு போய் அசல் பாடலே ஒலிக்கத் தொடங்கியபோது, 2002 டிசம்பரில், ‘சாக்கு-உத்தா’ வந்தது. உத்தா என்றால் பாட்டு. 2004-இல் முழுப்பாட்டையே ‘சாக்கு-உத்தா ஃபுல்’ என்று விற்றார்கள். அமெரிக்காவில் பாட்டை வாங்கியவனிடம் துண்டை விற்றார்கள் என்றால், ஜப்பானில் துண்டின் பெயரைச் சொல்லி முழுப்பாட்டை விற்றார்கள். தமிழ்க் காதுக்கு ‘சாக்கு’ என்ற பெயர் இன்னும் பொருத்தம். காசு வாங்க ஒரு சாக்கு.

சரி, ஏன் தனிக் காசு? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதிதான்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஆக்கத்தின் உரிமை: மெட்டும் வரியும். இன்னொன்று ஒலிப்பதிவின் உரிமை: குறிப்பிட்ட பாடகர், குறிப்பிட்ட கூடத்தில், குறிப்பிட்ட நாளில் பாடிப் பதிவானது. ‘டிடிங் டிடிங்’ என்று ஒற்றைச் சுரமாக ஒலித்த பழைய ரிங்டோனில் மெட்டு மட்டும்தான் இருந்தது. பாடகர் இல்லை, பதிவு இல்லை. அதனால் மெட்டுக்காரர்களுக்கு மட்டும் பணம் போனது. அடுத்து வந்த பல்சுர ரிங்டோனும் அப்படியே. அசல் பதிவையே வெட்டிப்போடும் வகை வந்தபோதுதான் இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் பங்கு கிடைத்தது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘மாஸ்டர்டோன்’, மூலப்பதிவிலிருந்து எடுத்தது என்ற பொருளில். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் அதை 2 டாலருக்கு மேல் விற்றன. முழுப்பாட்டு 99 சென்ட், அதன் அரை நிமிடம் 2 டாலருக்கு மேல்! முழுத் தேங்காயைவிடத் தேங்காய்ச் சில்லு விலை அதிகம். ஆப்பிளின் 1 டாலர் 98 சென்ட் அந்தச் சந்தையில் மலிவாகக்கூடத் தெரிந்திருக்கும்.

பிறகு யாருக்கு எவ்வளவு என்ற சண்டை. அமெரிக்கச் சட்டத்தில் ‘மெக்கானிக்கல்’ உரிமம் என்று ஒன்று உண்டு. துளையிட்ட காகிதச் சுருளைப் போட்டால் தானே வாசிக்கும் பியானோக்கள் இருந்த காலத்தில், 1909-இல், அந்தச் சுருள்களுக்காகக் கொண்டுவந்தது. பெயரும் அந்த இயந்திரத்தால் வந்ததுதான். ஒரு பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால், சட்டம் நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டு யாரும் அதைப் பதிவுசெய்து விற்கலாம். ரிங்டோனும் இதற்குள் வரும் என்றன இசைத்தட்டு நிறுவனங்கள். இல்லை, துண்டாக வெட்டுவது புதிய படைப்பு, அதற்குத் தனியாக எங்கள் இசைவு வேண்டும் என்றார்கள் மெட்டுக்காரர்களும் அவர்களின் உரிமையை வைத்திருக்கும் இசைப் பதிப்பகத்தாரும். 2006 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் முதல் தரப்பின் பக்கம் நின்றது: வெட்டினால் மட்டும் புதிய படைப்பு ஆகிவிடாது. ஆனால் 2008-இல் தொகையை நிர்ணயித்தபோது, முழுப்பாட்டு ஒன்றைத் தரவிறக்கினால் மெட்டுக்காரருக்கு 9.1 சென்ட், ரிங்டோன் ஒன்றுக்கு 24 சென்ட் என்று வைத்தார்கள். புதிய படைப்பு இல்லையாம். ஆனால் விலை மட்டும் இரண்டரை மடங்காம்.

இதன் உச்சக்கட்டம் 2009. பொது இடத்தில் ஃபோன் ஒலித்தால் அது பொது நிகழ்ச்சி மாதிரி, அதற்கும் தொலைபேசி நிறுவனம் பணம் கட்ட வேண்டும் என்று இசையமைப்பாளர்களின் சங்கமான ஆஸ்கேப் வாதாடியது. நியூயார்க் நீதிமன்றம் அந்த அக்டோபரில் அதை ஏற்க மறுத்தது. ஏற்றிருந்தால் ஒவ்வொரு ரயில் பெட்டியும் ஒரு கச்சேரி சபா ஆகியிருக்கும்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு முகம் உண்டு. திரைப்பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று நெடுங்காலம் இருந்தது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, படத்தோடு திரையரங்கில் ஒலிப்பதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்குண்டு, அதை எழுதிக்கொடுத்தாலும் செல்லாது என்று வைத்தார்கள். ஃபோனில் ஒலிக்கும் துண்டும் அந்த ‘மற்ற’வற்றில் ஒன்று.

ஆனால் நம் ஊரில் காசு அதிகம் போனது ரிங்டோனுக்கு அல்ல, அதன் தம்பியான காலர் ட்யூனுக்கு. ரிங்டோன் வேண்டுமென்றால், ஃபோனைக் கடைக்காரரிடம் கொடுத்தால் மெமரி கார்டில் பத்து இருபது ரூபாய்க்கு நூறு பாட்டு ஏற்றித் தருவார். உரிமம் எல்லாம் அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. காலர் ட்யூன் அப்படி அல்ல. அது நம் கையில் இல்லை, நிறுவனத்தின் கணினியில் இருந்தது. மாதம் 30 ரூபாய், பாட்டுக்குத் தனியாக 15 ரூபாய் என்பது அன்று பரவலாக இருந்த கணக்கு. வாங்குவதும் இல்லை, வாடகை. கட்டுபவர் காதில் அது ஒருநாளும் விழாது என்பது கூடுதல் சிறப்பு. யாருக்கோ ஃபோன் செய்தபோது ‘இந்தப் பாட்டு வேண்டுமென்றால் நட்சத்திரக் குறியை அமுக்கவும்’ என்றதும் அம்மா அமுக்கிவிட்டார். நான்கு மாதம் கழித்துத்தான் பேலன்ஸ் ஏன் கரைகிறது என்று கண்டுபிடித்தோம். எந்த நிறுவனம் என்று சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? இப்படிப் பல வீடுகளில் நடந்ததால்தான் 2013-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வாடிக்கையாளர் இரண்டு முறை ஒப்புதல் தந்தால் மட்டுமே சேவையைத் தொடங்கலாம் என்று உத்தரவு போட்டது.

இனித் தமிழ்ச் சொல்.

‘மணி’, ‘மணியோசை’ என்று எழுதினால் கோயில் நினைவு வருகிறது. ‘அழைப்பு மணி’ என்பதை வாசற்கதவு எடுத்துக்கொண்டுவிட்டது. ‘சிணுங்கல்’ வாரப்பத்திரிகைச் சிறுகதைகளின் செல்லச் சொல்: ‘கைபேசி சிணுங்கியது’ என்று தொடங்காத கதை குறைவு. வினையாக அழகுதான், குழந்தை சிணுங்குவதுபோல நம்மைக் கூப்பிடுகிறது. ஆனால் ‘என் சிணுங்கலை மாற்றிவிட்டேன்’ என்றால் கேட்பவர் வேறு மாதிரி பார்ப்பார். மிஞ்சுவது இரண்டு: அழைப்பொலி, அழைப்பிசை. இரண்டும் இலக்கணப்படி நன்றாகவே புணர்கின்றன. ‘அழைப்பு’ என்பதன் கடைசி உகரம் கெட்டு அடுத்த உயிர் ஏறுகிறது.

இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் வைத்துக்கொண்டால் நல்லது என்பது என் கட்சி. ‘ட்ரிங்’, ‘பீப்’, பறவைக் கூவல், எதுவானாலும் அழைப்பு வரும்போது கருவி எழுப்புவது அழைப்பொலி. ஃபோனின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தில் இருக்க வேண்டிய சொல் அதுதான். அதே அச்சில் அறிவிப்பொலி என்றும் தொடரலாம். அந்த ஒலி ஒரு பாட்டாகவோ மெட்டாகவோ இருந்தால் மட்டும் அழைப்பிசை. ஆங்கிலத்தின் ‘ரிங்டோன்’ இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டது. ஜப்பானியர் மெட்டையும் பாட்டையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். நாம் ஒலியையும் இசையையும் பிரிக்கிறோம். காசு கேட்பது எப்போதும் இரண்டாவதற்குத்தான். ‘பீப்’புக்கு யாரும் உரிமத்தொகை கேட்டதில்லை.

அழைப்பிசையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தமிழில் ‘இசை’ என்றால் பாட்டு மட்டும் அல்ல, உடன்படுவதும் இசைதான். ‘இசைந்தார்’, ‘இசைவு தந்தார்’ என்கிறோம். மேலே பார்த்த வழக்குகள் எல்லாம் இசைக்கு இசைவு கேட்ட கதைகள்தாம். அந்தக் கூடுதல் 99 சென்டுக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் ‘அழைப்பிசை உரிமக் கட்டணம்’ என்று நீட்டலாம். ‘இசைவுக்காசு’ என்று சுருக்கினாலும் எனக்குச் சம்மதம்.

காலர் ட்யூனுக்கு ‘அழைப்பாளர் இசை’ என்று எழுதுகிறார்கள். அழைப்பாளர் வைத்த இசை என்று தவறாகப் புரியும். தொலைபேசித் தமிழில் ‘எதிர்முனை’ என்ற அருமையான சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அதனால் ‘எதிர்முனை இசை’ என்பேன். 2020 மார்ச்சில் யாரைக் கூப்பிட்டாலும் கொரோனா எச்சரிக்கைக்கு முன்னால் ஓர் இருமல் கேட்டதே, அதை மட்டும் எதிர்முனை ஒலி என்றே சொல்ல வேண்டும்.

பேச்சில் ரிங்டோன் ரிங்டோனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். “அழைப்பிசை வை” என்று யாரும் தம்பியிடம் சொல்லப்போவதில்லை, “இந்தப் பாட்டை ரிங்டோனா வெச்சுக் கொடுடா” என்றுதான் சொல்வார்கள். எழுதும்போது மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த எம்4ஆர்? 2025-இல் வந்த, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 26-இல், ஃபோனில் இருக்கும் 30 விநாடிக்குட்பட்ட ஒலிக்கோப்பை நேராகவே அழைப்பொலியாக வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கணினி வேண்டாம், எழுத்தை மாற்ற வேண்டாம், 99 சென்டும் வேண்டாம். பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது. செய்தியைப் படித்த கையோடு நானும் ஒரு பாட்டை வெட்டி வைத்தேன். ஒலித்துக் கேட்க இன்னும் வாய்க்கவில்லை. ஃபோன் எப்போதும் சைலண்டில்தான் கிடக்கிறது.