மாரத்தான் ஓடுகிறவருக்கும் லே ஒன்றுதான்

கோடை விடுமுறை முடிந்தால் லடாக் போய்வந்தவர்கள் என்னிடம் சிகிச்சைக்கு வரிசையாக வருகிறார்கள். போவதற்கு முன் வருபவர்கள் குறைவு. போன வாரம் வந்தவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இல்லை, மாரத்தான் ஓடுபவர். ராத்திரி சென்னையில் விமானம் ஏறி, காலையில் லடாக்கின் லே நகரில் இறங்கி, மறுநாளே கர்துங் லா கணவாய், அதற்கடுத்த நாள் பாங்காங் ஏரிக்கரையில் கூடாரம். நடுராத்திரியில் மூச்சுத்திணறல், சளியில் ரத்தம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. நல்லவேளை, பிழைத்துவிட்டார். "நான் ஃபிட்டாகத்தானே இருக்கிறேன் டாக்டர், எனக்கு எப்படி?" என்கிறார். இதே கேள்வியை எத்தனை பேர் வாயிலிருந்துதான் கேட்பது!

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

உடற்பயிற்சி இதயத்தையும் தசைகளையும் பழக்கும். உயரத்துக்குப் பழக வேண்டியவை வேறு. ஆக்சிஜன் குறைந்ததை முதலில் கண்டுபிடிப்பது கழுத்து ரத்தக்குழாயை ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு உணர்விகள். அவை மூச்சை வேகப்படுத்தும். வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடும். உடனே மூளை மூச்சுக்குக் கடிவாளம் போடும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இந்த இழுபறியால்தான். சிறுநீரகங்கள் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றி இதைச் சரிசெய்யச் சில நாட்கள் ஆகும். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடினாலும், பிராணாயாமம் செய்தாலும் உங்கள் சிறுநீரகம் அவசரப்படாது. சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும், உங்கள் ஒரு வாரச் சுற்றுலாவுக்கு அது உதவாது.

சொல்லப்போனால், திடகாத்திரமானவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இறங்கிய அன்றே சாந்தி ஸ்தூபியின் படிகளில் ஓடி ஏறுவார்கள், தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புவார்கள். 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து அவசரமாக மலைக்கு ஏற்றப்பட்ட நம் ராணுவ வீரர்கள் பலர் இப்படித்தான் நோயுற்றார்கள். 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் 1969-இல் எழுதிய கட்டுரையை இன்றும் நாங்கள் மேற்கோள் காட்டுகிறோம். ராணுவ வீரர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

சரி, என்ன செய்யலாம்? விமானத்தில் போனால் முதல் இரண்டு நாள் லேயிலேயே ஓய்வெடுங்கள். மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கு திறந்தது போல இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. தயவுசெய்து அதை நம்பி மேலே ஏறாதீர்கள். கையடக்க ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் காலியாகிவிடும். அசெட்டசோலமைட் மாத்திரை சிறுநீரகத்தின் வேலையை விரைவுபடுத்தும், ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று பார்க்காமல் தர முடியாது. அதனால் நண்பர் சொன்னார் என்று கடையில் வாங்கிப் போடாமல், போவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே வாருங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்க வேண்டும். பாங்காங்கில் இதுதான் சிக்கல். ஏரி சுமார் 4,250 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து வழக்கமான பாதையில் லே திரும்ப, சாங் லா கணவாய்க்காக 5,300 மீட்டருக்கு மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். மூச்சுக்குத் தவிப்பவரை வைத்துக்கொண்டு ராத்திரியில் அந்தப் பாதையில் போவதை யோசித்துப் பாருங்கள். அதனால் பாங்காங்கைப் பயணத்தின் கடைசியில் வையுங்கள். லேயைவிடத் தாழ்வான நூப்ரா பள்ளத்தாக்கில் முதலில் தங்கலாம், வழியில் வரும் உயரமான கர்துங் லாவில் அதிக நேரம் நிற்காமல் இருந்தால் போதும். கிளம்பும் காலையில் தலைவலியோ குமட்டலோ இருந்தால் பாங்காங் போகவே வேண்டாம். கூடாரத்துக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.