அசைசிற்பம்: நடுவில் ‘ச்’ கிடையாது

கலைக் கண்காட்சி ஒன்றுக்கான தமிழ்க் கையேடு மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்திருந்தது. அதில் ஒரு வரி: “கால்டரின் கைப்பேசிகள் காற்றில் மெல்லச் சுழலும்.” சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை என்று. அவர் ஆளோ, இயந்திரமோ, யாராக இருந்தாலும் சரி, ‘மொபைல்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் இருக்கும் தமிழெல்லாம் தொலைபேசிக்கே செலவாகிவிட்டது. கைப்பேசி, அலைபேசி, செல்பேசி, செல்லிடப்பேசி என ஒரே கருவிக்கு நாலு பெயர். அந்தக் கருவி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, சிற்பி கால்டரின் கையில் அதே பெயரோடு பிறந்துவிட்ட சிற்பத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். ஒரு கம்பியை நூலில் கட்டித் தொங்கவிட வேண்டியது. அதன் ஒரு முனையில் இலை வடிவில் வெட்டிய தகடு. மறுமுனையில் இன்னொரு கம்பி. அதன் முனைகளில் மறுபடியும் ஒரு தகடு, ஒரு கம்பி. இப்படிக் கிளை கிளையாக இறங்கும். காற்று பட்டால் ஒவ்வொரு கிளையும் தன் போக்கில் சுற்றும், எதுவும் கவிழாது.

இரண்டு தென்னை ஈர்க்கு, தையல் நூல், பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தால் வீட்டிலேயே செய்துபார்க்கலாம். நான் முதல் தடவை மேலிருந்து கட்டத் தொடங்கி அரைமணி நேரம் வீணாக்கினேன். இதை அடியிலிருந்துதான் கட்ட வேண்டும். கீழ்க்கிளையின் இரு முனையிலும் அட்டைத் துண்டுகளைக் கட்டி, ஈர்க்கை விரல்மேல் வைத்து, சாயாமல் நிற்கும் இடத்தைப் பிடித்து அங்கே நூல் போட வேண்டும். பிறகு அந்த முழுக் கிளையையும் ஒற்றைப் பாரமாக எண்ணி மேல் ஈர்க்கின் முனையில் மாட்ட வேண்டும். ஈர்க்கின் எடையைத் தள்ளிவிட்டுச் சொன்னால், 6 கிராம் கிளை நூலிலிருந்து 5 செ.மீ. தள்ளித் தொங்கும்போது எதிர்ப்பக்கத்து 2 கிராம் அட்டை 15 செ.மீ. தள்ளிப் போக வேண்டும். வெள்ளிக்கோல் பிடித்து எடை போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கம்.

அலெக்சாண்டர் கால்டருக்கும் இது கைப்பழக்கமாகவே வந்தது. 1898இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1919இல் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கியவர். 1926இல் பாரிசுக்குப் போய், கம்பியும் துணியும் தக்கையும் கொண்டு ஒரு குட்டி சர்க்கஸ் செய்து நண்பர்கள் முன்னால் ஆட்டிக் காட்டினார். 1930இல் ஓவியர் மோந்திரியானின் பட்டறைக்குப் போனவர், சுவரில் ஒட்டியிருந்த வண்ணச் சதுரங்களைப் பார்த்து இவையெல்லாம் ஆடினால் நன்றாயிருக்குமே என்றார். தேவையில்லை, என் ஓவியம் ஏற்கெனவே வேகமாகத்தான் போகிறது என்று மோந்திரியான் மறுத்துவிட்டார். மறுத்தாலும் அந்த எண்ணம் கால்டரை விடவில்லை.

அடுத்த ஆண்டே கைப்பிடியாலும் சிறு மோட்டாராலும் இயங்கும் உருவங்களைச் செய்துவிட்டார். அவற்றைப் பார்க்க வந்த பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் தூஷாம்பிடம், இவற்றை என்னவென்று அழைக்கலாம் என்று கேட்டார். “மொபீல்” என்றார் தூஷாம்ப். பிரெஞ்சில் அதற்கு இரண்டு பொருள். அசையக்கூடியது என்பது ஒன்று. ஒரு செயலுக்குப் பின்னால் இருக்கும் தூண்டுதல் என்பது மற்றொன்று. குற்றத்தின் நோக்கத்தைச் சொல்லவும் அங்கே இதே சொல்தான். சிலேடை விரும்பியான தூஷாம்ப் இரண்டையும் ஒரே கல்லில் அடித்தார். 1932 பிப்ரவரியில் பாரிஸ் வின்யோன் கூடத்தில் நடந்த கண்காட்சியில் அந்தப் பெயர் ஏறிவிட்டது. இதைக் கேட்ட ழான் ஆர்ப் என்ற சிற்பி, “அப்படியானால் போன வருஷம் நீ செய்தவையெல்லாம் என்ன, ஸ்டபீலா?” என்று சீண்டினார். கால்டர் அதையும் வைத்துக்கொண்டார். அசைவதற்கு மொபைல், அசையாததற்கு ஸ்டபைல். இரண்டு பெயரும் நண்பர்கள் கொடுத்த இனாம்.

சொல்லின் வேர் லத்தீனில் அசைத்தலைக் குறிக்கும் ‘மொவேரே’. அதிலிருந்து ‘மொபிலிஸ்’, அசையக்கூடியது. நிலையில்லாமல் இப்படியும் அப்படியும் சாயும் கூட்டத்தை லத்தீனில் ‘மொபிலே வுல்குஸ்’ என்றார்கள். அதை வெட்டிச் சுருக்கியதுதான் ஆங்கிலத்தில் கும்பலைக் குறிக்கும் ‘மாப்’. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபீல் என்றொரு நகரம் உண்டு. அது அங்கே வாழ்ந்த பழங்குடியின் பெயரிலிருந்து வந்தது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் இதற்கு உறவில்லை.

சொல்லுக்குத்தான் இப்படி என்றால் ஆளுக்கும் அதே சிக்கல். கலை வரலாற்றில் அலெக்சாண்டர் கால்டர் மூன்று பேர், மூவரும் சிற்பிகள். தாத்தா அலெக்சாண்டர் மில்ன் கால்டர் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கல்லறைக் கல் செதுக்குபவரின் மகனாகப் பிறந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். ஃபிலடெல்பியா நகர மன்றத்தின் கோபுர உச்சியில் 1894இல் ஏற்றப்பட்ட 37 அடி உயர வில்லியம் பென் சிலை அவர் செய்தது. அப்பா அலெக்சாண்டர் ஸ்டர்லிங் கால்டர் செய்த ஸ்வான் நினைவு நீரூற்று (1924) அதே ஊரின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையின் மறுகோடியில் உள்ள கலை அருங்காட்சியகத்தின் பெரிய படிக்கட்டுக்கு மேல் பேரனின் ‘ஆவி’ என்ற வெள்ளை மொபைல் தொங்குகிறது. அதனால் அந்த ஊரில் ஒரு கேலி உண்டு: பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூன்றும் ஒரே வரிசையில் என்று.

நம் மொழிக்கு இந்தப் பெயர்க் குழப்பம் புதிதில்லை. ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’, பாட்டன் பெயரைச் சுமப்பவன். கால்டர் அச்சு அசலான பெயரன். அவருக்கு இரண்டு பெண்கள்; பெயர் அந்தத் தலைமுறையைத் தாண்டி மகள் வயிற்றுப் பேரனுக்கு இறங்கியது. 1987இல் கால்டர் அறக்கட்டளையைத் தொடங்கி நடத்திவரும் அந்தப் பேரனும் அலெக்சாண்டர்தான், அவருக்கும் செல்லப்பெயர் ‘சாண்டி’தான். ஆகவே கட்டுரை எழுதுகிறவர்கள் தலைப்பெழுத்தைப் பார்த்து எழுதுவது நல்லது. நீரூற்றையும் மொபைலையும் ஒருவர் தலையில் கட்டிய கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன்.

குடும்பப்பெயரான ‘கால்டர்’ ஒரு நீர்ப்பெயர். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் கால்டர் என்ற பெயரில் பல ஆறுகள் ஓடுகின்றன. வேகமாகப் பாயும் நீர் என்று பொதுவாகப் பொருள் சொல்வார்கள். 1805இல் ஃபினிஸ்டர் முனைக்கு அருகே பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களோடு மோதிவிட்டு, போதுமான அளவு துரத்தவில்லை என்று படை நீதிமன்றத்தில் நின்ற ராபர்ட் கால்டர் என்ற கடற்படைத் தளபதியும் இதே பெயர்க்காரர். தமிழ் வாசகருக்கோ கால்டர் என்றதும் கால்டுவெல் நினைவுக்கு வருவார். அது வேறு பெயர், குளிர்ந்த ஊற்று என்று பொருள். இரண்டிலும் தண்ணீர் இருப்பது தற்செயல்.

கால்டரின் கை எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு அருங்காட்சியகப் பட்டியல் வேண்டாம், தொட்டிலைப் பார்த்தால் போதும். குழந்தை மல்லாந்து கிடந்து கைகாலை உதறிக்கொண்டு பார்க்க, மேலே சுற்றும் பொம்மைக் கொத்தை உலகம் முழுதும் மொபைல் என்கிறார்கள். அந்தப் பெயர் அவர் வழியாகப் பரவியது. 1975இல் பி.எம்.டபிள்யூ. பந்தயக் கார் ஒன்றுக்கு வண்ணம் பூசினார். அதற்கு முன் 1973இல் ஒரு விமானத்துக்கே பூசியிருந்தார். வெனிசுவேலாவின் கராகஸ் பல்கலைக்கழகப் பேரரங்கின் கூரையில் அவருடைய வண்ண ‘மேகங்கள்’ இருக்கின்றன. அழகுக்கும் ஆச்சு, ஒலியைச் சீராக்கவும் ஆச்சு.

இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். கட்டடக் கலைஞர் கிரா சாராபாயின் அழைப்பில் 1955 ஜனவரியில் மனைவி லூயிசாவோடு அகமதாபாத் வந்து, சாராபாய் குடும்பத்தின் வளவிலேயே பட்டறை போட்டு வேலை செய்தார். அங்கே பிறந்த ஒன்றுக்கு ‘கொய்யா’ என்று பெயர். இன்னொன்றுக்கு, நம் கோயில்களில் தரையெல்லாம் உதிர்ந்து கிடக்குமே ஈழத்தலரி, அதன் ஆங்கிலப் பெயரை இரண்டாகப் பிளந்து ‘பிராஞ்சி பானி’ என்று வைத்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தொங்குசிற்பம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கால்டர் தரையில் நிற்கும் அடிக்கட்டையின் மேலும் மொபைல்கள் செய்திருக்கிறார், அவை தொங்குவதில்லை. ‘ஆடுசிற்பம்’ என்றால் அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் ஆடு என்று நினைப்பார்கள். ‘நகர்’ என்றால் இடம்விட்டு இடம் போவது. மொபைல் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. தூஷாம்பின் சிலேடைக்கு மிக அருகில் வருவது ‘உந்து’. தள்ளுவதும் உந்துதல், மனத்தைத் தூண்டுவதும் உந்துதல். ஆனால் பேருந்தும் மகிழுந்தும் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. உந்துசிற்பம் என்று போட்டால் அந்தப் பந்தயக் காருக்கு வேண்டுமானால் பொருந்தும். எனக்கு ஆசை ‘தூங்கு’ மேல்தான். பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்கி அசைதல். தூக்கணாங்குருவியைத் தூங்கணாங்குருவி என்கிறோமே, அந்தத் தூங்கல். இன்றைக்குத் தூங்குசிற்பம் என்று எழுதினால் மாமல்லபுரத்து அனந்தசயனத்தைத் தேடிப் போவார்கள். ‘இயங்குசிற்பம்’ நல்ல சொல், ஆனால் அதைப் பெரிய குடைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மொபைலுக்கு முன்பே 1920இல் நௌம் காபோ என்ற சிற்பி மோட்டாரில் அதிரும் கம்பியைச் சிற்பமாக நிறுத்தினார். அப்படிப்பட்ட எல்லாமே இயங்குசிற்பம். மொபைல் அதில் ஒரு வகை.

மிஞ்சுவது ‘அசை’. இலை அசைகிறது, திரை அசைகிறது என்று காற்றின் வேலைக்கு நாம் இயல்பாகவே இதைத்தான் சொல்கிறோம். யாரோ தள்ளினால் அசைத்தல், தானாக என்றால் அசைதல். கால்டர் மோட்டாரை விட்டுவிட்டுக் காற்றுக்கு மாறியதைப் பிறவினையிலிருந்து தன்வினைக்கு மாறினார் என்று சொல்லிவிடலாம். மோட்டார் ஒரே சுற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றியது, அது அவருக்கு அலுத்துப்போயிற்று.

அசைசிற்பம் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. அதனால் நடுவில் வல்லினம் மிகாது. ‘அசைச்சிற்பம்’ என்று எழுதினால் நேரசை நிரையசையைச் செதுக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். இலக்கணப் பிழை என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வினைத்தொகையைக் காலம் கரந்த பெயரெச்சம் என்கிறது நன்னூல்: அசைந்த, அசைகின்ற, அசையும் மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றன. அருங்காட்சியகத்தில் காற்றே இல்லாத மத்தியான வேளையில் மொபைல் சிலைபோல் நிற்கும். யாரோ கதவைத் திறப்பார்கள், எங்கோ ஒரு தகடு மெல்லத் திரும்பும். நிற்கும்போதும் அது மொபைல்தான். பிரெஞ்சுச் சொல்லின் ‘அசையக்கூடிய’ என்ற பொருளுக்குள் காலம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை; காலம் மூன்றும் ஒளிந்த சொல் நம்மிடம் இருக்கிறது. ஒரு ச் போட்டால் அது போய்விடும்.

ஸ்டபைலுக்கு ‘நிலைச்சிற்பம்’. இங்கே ச் கட்டாயம் வேண்டும், நிலை பெயர்ச்சொல். தேர் ஓடி முடித்து நிலைக்கு வந்தது என்கிறோமே, அந்த நிலை. பத்திரப்பதிவுத் தமிழில் முன்பு ஸ்தாவர சொத்து, ஜங்கம சொத்து என்று எழுதினார்கள். ஸ்டபைல், மொபைல் என்பதற்கு அப்படியே பொருந்தும் இரட்டை. திருவாசகத்திலும் ‘தாவர சங்கமம்’ இருக்கிறது. ஆனால் தாவரம் இப்போது செடிகொடிக்குப் போய்விட்டதால், சிகாகோவில் நிற்கும் 53 அடிச் சிவப்பு ‘ஃபிளமிங்கோ’வைத் தாவரம் என்றால் அடிக்க வருவார்கள். நிலைச்சிற்பங்களில் எனக்குப் பிடித்தது மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் 1969இல் நிறுத்தியது. 43 அடி உயர எஃகு, இம்மியும் அசையாது. ஊரின் பெயருக்கு ஆற்றின் பெரும் விரைவோட்டம் என்று பொருள். அதைக் கொண்டு கால்டர் வைத்த பெயர் ‘பெருவேகம்’. அதன் கோட்டுருவம் பின்னர் நகராட்சியின் சின்னமாகி ஊர் வண்டிகளில் ஏறி ஓடத் தொடங்கியது.

கையேட்டு வரியை “கால்டரின் அசைசிற்பங்கள் காற்றில் மெல்லச் சுழலும்” என்று திருத்தி, ஓரத்தில் ‘ச் மிகாது’ என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்த பிரதியைப் புரட்டினேன். “அசைச்சிற்பங்கள்.”