எந்த வரிசையில் நிற்கிறாள்?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். மகளுக்கு நாலரை வயதில் ஐ.க்யூ. பார்த்தபோது 137. ஐந்தரை வயதில் வேறோர் இடத்தில் பார்த்தபோது 121. “இந்த ஒரு வருஷத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், கூட்டல் போடுகிறாள். அப்புறம் எப்படி சார் அறிவு 16 குறையும்?”

குறையவில்லை. பள்ளி அசெம்பிளி வரிசையை நினைத்துப் பாருங்கள். குள்ளமானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால். கோடை லீவில் நீங்கள் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்தும், ஜூன் மாதம் பி.டி. சார் உங்களை இரண்டு பேருக்கு முன்னால் இழுத்து நிறுத்தியிருப்பார். மற்ற இருவரும் ஐந்து வளர்ந்திருப்பார்கள். இன்றைய ஐ.க்யூ. இப்படி வரிசையில் நிற்கும் இடத்தைத்தான் சொல்கிறது. அதே வயதுக் குழந்தைகளின் சராசரி 100. 130-ஐத் தாண்டுவது நூற்றில் இரண்டு பேர்தான். 121 என்றால் நூறில் சுமார் 92 பேரை முந்தியாயிற்று. இதற்கா கவலை?

சரி, 137 எங்கிருந்து வந்தது? பழைய ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னேன். அதில் ‘மன வயது 6 வருடம் 2 மாதம்’ என்று இருந்தது. அங்கேதான் விஷயம்.

1905-இல் பாரிஸில் ஆய்வாளர்கள் பினேயும் சிமோனும் முதல் சோதனையை உருவாக்கியது மேதைகளைத் தேட அல்ல, வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க. ஒரு குழந்தை எந்த வயதுக்கான கேள்விகள் வரை சமாளிக்கிறதோ, அது மன வயது. 1912-இல் ஜெர்மன் உளவியலாளர் ஸ்டெர்ன் அதை நிஜ வயதால் வகுக்கச் சொன்னார். பிறகு வந்த அமெரிக்க உளவியலாளர் டெர்மன் 100-ஆல் பெருக்கினார். நம் குட்டிக்கு 74 மாதத்தை 54 மாதத்தால் வகுத்தால் 137.

இந்த வகுத்தலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாலரை வயதில் ஒரு வருடம் முந்தியிருந்தால் 122. பத்து வயதில் அதே ஒரு வருட முந்தலுக்கு 110தான். கீழே இருக்கும் எண் சின்னதாக இருப்பதால் சின்னக் குழந்தைகளின் மதிப்பெண் எகிறுகிறது. பெரியவர்களிடம் இது படுத்தே விடும்: நாற்பது வயதுக்காரர் அறுபது வயதுக்காரர் போல யோசித்தால் 150 கொடுப்பீர்களா? அதனால்தான் 1939-இல் வெக்ஸ்லர் என்ற உளவியலாளர் வகுத்தலைத் தூக்கிப் போட்டுவிட்டு வரிசைக்கு வந்தார். இரண்டாவது ரிப்போர்ட் அந்த வகை. இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் எடுத்தவையே இல்லை.

யாருடைய வரிசை என்பதும் முக்கியம். பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் மதிப்பெண்கள் ஏறி வந்ததை 1980களில் ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் அமெரிக்கத் தரவுகளில் காட்டினார். தாத்தா காலத்து வரிசையில் நிறுத்தினால் பேத்தி உயரமாகத்தான் தெரிவாள். பினே சோதனையின் இந்திய வடிவமான பினே-காமத் சோதனையின் வேர் 1930களில், கன்னட, மராத்திக் குழந்தைகளிடம் இருக்கிறது. இன்றும் அதை இங்கே பயன்படுத்துகிறோம். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் சென்னைக் குழந்தைகள் சில ஆயிரம் பேரை உட்காரவைத்து நல்ல வரிசை ஒன்றை உருவாக்க அரசு காசு ஒதுக்கலாம். ராக்கெட் செலவில் தூசு அது. இதற்கிடையே, நடுமூளையைத் தூண்டுவதாகச் சொல்லிக் கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் ‘மிட்பிரெய்ன்’ வகுப்புகள் கல்லா கட்டுகின்றன. துணிக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைத்துப் பாருங்கள், வித்தை போய்விடும்.

கடிதத்தின் கடைசி வரி இது: “வெளியே வந்ததும், கடைசியில் கேட்டதெல்லாம் தெரியலைம்மா என்று அழுதாள்.” அம்மா, அந்தச் சோதனை ஓடுவதே அப்படித்தான். எளிதில் தொடங்கி, தொடர்ந்து சில கேள்விகள் தவறும் வரை கேட்டுக்கொண்டே போவார்கள், அங்கே நிறுத்துவார்கள். அந்த அறையிலிருந்து வரும் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசிக் கேள்விகள் தெரிந்திருக்காது. அவளிடம் இதைச் சொல்லுங்கள்.